உடம்பில் இருக்கும் இரும்பு எந்த இரும்பு?

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 4 கிராம் இரும்பு இருக்கிறது, பெரும்பகுதி இரத்தத்தில். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட இன்று பதில் சொல்வார்கள்: பெரிய நட்சத்திரத்தின் நடுவில் இரும்பு சேர்கிறது, நட்சத்திரம் வெடிக்கிறது, அந்த இரும்பு சிதறிப் பரவுகிறது. இந்த விளக்கத்தில் ஒரு பெரிய பிழை உண்டு. நட்சத்திரத்தின் நடுவில் சேர்ந்த இரும்பு வெளியே வருவதே இல்லை. அது அங்கேயே நொறுங்கி, நியூட்ரான் நட்சத்திரமாகவோ கருந்துளையாகவோ முடிந்துவிடுகிறது. நம் இரத்தத்தில் ஓடுவது வேறு இரும்பு. வெடிப்பு நடந்த ஓரிரு வினாடிகளில் புதிதாகப் பிறந்தது அது. பிறக்கும்போது இரும்பாகக்கூட இல்லை, நிக்கலாக இருந்தது.

ஒரு தனிமம் எங்கே உருவாகிறது என்பது ஒரு கேள்வி. உருவானது எந்த வழியாக வெளியே வந்தது என்பது இன்னொரு கேள்வி. சமைத்ததெல்லாம் பந்திக்கு வருவதில்லை. நட்சத்திரங்கள் உருவாக்கும் தனிமங்களில் பெரும்பகுதி அவற்றின் பிணங்களுக்குள்ளேயே என்றென்றைக்கும் பூட்டப்பட்டுவிடுகிறது. தப்பி வந்த சிறு பங்கில்தான் பூமியும் நாமும் அமைந்திருக்கிறோம்.

முதலில் கையிருப்பு என்ன இருந்தது? பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் 20 நிமிடங்களுக்குள் நிறைக் கணக்கில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், ஒரு துளி லித்தியம் என்ற அளவில் எல்லாம் நின்றுவிட்டது. அதற்கு மேல் போக முடியாததற்குக் காரணம் இரண்டு சுவர்கள். ஹீலியம் அணுக்கருவில் 4 துகள்கள். அதோடு ஒரு புரோட்டான் சேர்ந்தால் 5. இரண்டு ஹீலியம் சேர்ந்தால் 8. ஐந்து துகள் கொண்ட அணுக்கருவும் சரி, எட்டுத் துகள் கொண்டதும் சரி, எதுவுமே நிலைத்து நிற்காது, உடனே உடைந்துவிடும். பிரபஞ்சமோ விரிந்து குளிர்ந்துகொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப முட்டிப் பார்க்க அதற்கு நேரம் இல்லை. நட்சத்திரத்திடம் அந்த நேரமும் அடர்த்தியும் உண்டு.

நட்சத்திரங்களில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான் என்பதே நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை யாருக்கும் தெரியாது. நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில்) இரும்பு, கால்சியம் கோடுகள் அழுத்தமாகத் தெரிந்ததால், சூரியனும் பூமி போன்ற கலவைதான் என்று நம்பினார்கள். 1920இல் மேகநாத் சாகா, வெப்பநிலைக்கு ஏற்ப அணுக்கள் எவ்வளவு அயனியாகும் என்பதற்குச் சமன்பாடு தந்தார். கோட்டின் அழுத்தத்தை வைத்து மட்டும் அளவை முடிவு செய்ய முடியாது, வெப்பநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெளிவானது. 1925இல் ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் அந்தச் சமன்பாட்டை நட்சத்திர நிறமாலைகளில் பொருத்திப் பார்த்தபோது, ஹைட்ரஜன் மற்ற எல்லாவற்றையும்விட மிக மிக அதிகம் என்ற விடை கிடைத்தது. அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இதை ஏற்கவில்லை. நான்கே ஆண்டுகளில், 1929இல், அவரே அதே முடிவுக்கு வந்தார். இன்றைய அளவீட்டில் ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டையும் கழித்தால் சூரியனில் மீதி எல்லாத் தனிமங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான்.

சூரியனின் நடுவில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி கெல்வின். வினாடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாக மாறுகிறது. எண்கள் பெரிதாகத் தெரிந்தாலும் உண்மையில் இது மிக மெதுவான வேலை. இரண்டு புரோட்டான்கள் ஒட்டும் அதே கணத்தில் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும், அது அபூர்வமாகத்தான் நடக்கும். சூரிய மையத்தில் ஒரு புரோட்டான் இதற்காகச் சராசரியாக 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறது. சூரியன் நீண்ட காலம் நிதானமாக எரிவது இந்தத் தாமதத்தால்தான்.

சூரியனைவிடக் கனமான நட்சத்திரங்களில் வேறொரு பாதை முந்திக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் கார்பன் அணுக்கரு புரோட்டான்களை ஒவ்வொன்றாக வாங்கி நைட்ரஜன், ஆக்சிஜன் என்று உருமாறி, கடைசியில் ஒரு ஹீலியத்தை உதிர்த்துவிட்டு மீண்டும் கார்பனாகிறது. இந்தச் சுழற்சியில் மிக மெதுவான படி நைட்ரஜன்-14 ஒரு புரோட்டானை வாங்கும் படி. குறுகலான பாலத்துக்கு முன்னால் வண்டிகள் தேங்குவதுபோல் நைட்ரஜன் அங்கே குவிகிறது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றின் நைட்ரஜனில் பெரும்பகுதி இப்படித் தேங்கியதுதான்.

எட்டுத் துகள் சுவரைத் தாண்டுவதுதான் இந்தத் துறையின் மிக அழகான பகுதி. மையம் 10 கோடி கெல்வினைத் தொட்டதும் ஹீலியம் அணுக்கருக்கள் மோதி பெரிலியம்-8 உருவாகிறது. ஒரு வினாடியை நூறு கோடி கோடித் துண்டுகளாக்கினால், அதில் ஒரு துண்டு நேரம்கூட அது உயிரோடு இருப்பதில்லை. ஆனால் உடைவதும் உருவாவதும் இடைவிடாமல் நடப்பதால், எந்தக் கணத்திலும் சுமார் நூறு கோடி ஹீலியத்துக்கு ஒரு பெரிலியம்-8 இருந்துகொண்டே இருக்கும். அதை மூன்றாவது ஹீலியம் ஒன்று வந்து மோதினால் கார்பன்-12. சாதாரணமாகக் கணக்கிட்டால் இந்த வேகம் போதவே போதாது. பிரபஞ்சத்தில் இருக்கும் கார்பனை விளக்க முடியாது. 1953இல் பிரெட் ஹாயில் ஒரு வாதத்தை முன்வைத்தார்: கார்பன் இவ்வளவு இருக்கிறது என்றால், மூன்று ஹீலியத்தின் ஆற்றலுக்குச் சற்று மேலே, தரைநிலையிலிருந்து சுமார் 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில், கார்பன் அணுக்கருவுக்கு ஒரு கிளர்நிலை (கூடுதல் ஆற்றல் கொண்ட நிலை) இருந்தே ஆக வேண்டும். கால்டெக் ஆய்வகத்தில் வார்டு வேலிங் குழுவினர் தேடிப் பார்த்தார்கள், இருந்தது. இன்றைய அளவீடு 7.65. அந்தப் படிக்கட்டு இருப்பதால் மோதலில் உருவான கலவை உடையாமல் கார்பனாக இறங்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

இந்த வினை வெப்பநிலைக்கு வெறித்தனமாக ஈடுகொடுக்கும். 10 கோடி கெல்வின் அருகே வெப்பம் 10 சதவீதம் கூடினால் வேகம் 40 மடங்குக்கு மேல் எகிறும். உருவான கார்பனில் ஒரு பகுதி இன்னொரு ஹீலியத்தை வாங்கி ஆக்சிஜன்-16 ஆகிறது. இந்த இரண்டாவது வினையின் வேகத்தை ஆய்வகத்தில் நேரடியாக அளப்பது இன்றும் மிகக் கடினம். ஆனால் ஒரு நட்சத்திரம் எவ்வளவு கார்பனை மிச்சம் வைக்கும், எவ்வளவு ஆக்சிஜனைத் தரும், பின்னாளில் அதன் மையம் எப்படிச் சரியும் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது. அணுக்கரு வானியலில் எனக்கு ஒரே ஓர் அளவீட்டைத் துல்லியமாகக் கொடுக்கிறோம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

சூரிய நிறையைப் போல் எட்டு மடங்கு வரை உள்ள நட்சத்திரங்கள் வெடிப்பதில்லை. கார்பனும் ஆக்சிஜனும் நடுவில் உறைந்து வெண்குள்ளனாக, அதாவது எரிந்து ஓய்ந்த சிறிய அடர்ந்த எச்சமாக, மிஞ்சும். சூரியனின் கதியும் அதுவே: நிறையில் பாதிக்குச் சற்று அதிகமானது உள்ளேயே தங்கிவிடும். அப்படியானால் இவற்றிலிருந்து வெளியே வருவது என்ன? இறுதிக் கட்டத்தில் சிவப்பு ராட்சதனாக வீங்கிய நட்சத்திரத்தில், ஹீலியம் உறை சில ஆயிரம் முதல் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை பற்றி எரிந்து அடங்கும். ஒவ்வொரு முறையும் மேலடுக்கின் கொந்தளிப்பு, அகப்பை போட்டுக் கிளறுவதுபோல், ஆழத்திலிருந்து கார்பனை மேலே கொண்டுவரும்.

கூடவே வேறொன்றும் வரும். அந்த அடுக்குகளில் கார்பன்-13, நியான்-22 ஆகியவை ஹீலியத்தோடு மோதும்போது நியூட்ரான்கள் கசிகின்றன. அங்கே ஏற்கெனவே கிடந்த இரும்பு அணுக்கருக்கள் (முந்தைய தலைமுறை நட்சத்திரங்கள் விட்டுச்சென்றவை) அந்த நியூட்ரான்களை ஒவ்வொன்றாக, பல ஆண்டு இடைவெளிகளில் விழுங்குகின்றன. இரண்டு விழுங்கலுக்கு நடுவே பீட்டா சிதைவுக்கு (ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுவதற்கு) போதிய நேரம் இருப்பதால் அணு எண் படிப்படியாக ஏறும். ஸ்ட்ரான்சியம், இட்ரியம், சிர்கோனியம், பேரியம், ஈயம் ஆகியவற்றின் பெரும்பகுதி இந்த மெது வழியில் வந்தது. பிஸ்மத்தோடு பாதை முடிகிறது. அதற்கு அடுத்த பொலோனியம் ஆல்பா துகளை உமிழ்ந்து மீண்டும் ஈயத்துக்கே இறங்கிவிடும்.

இது கண்ணெதிரே நடக்கிறது என்பதற்கு 1952இல் சாட்சி கிடைத்தது. பால் மெரில் சில சிவப்பு ராட்சதர்களின் நிறமாலையில் டெக்னீசியக் கோடுகளைக் கண்டார். டெக்னீசியத்துக்கு நிலையான வடிவமே கிடையாது. மெது வழியில் உருவாகும் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சுமார் 2.1 லட்சம் ஆண்டுகள். நட்சத்திரத்தின் வயதோ கோடிக்கணக்கான ஆண்டுகள். பிறக்கும்போது இருந்திருந்தால் எப்போதோ அழிந்திருக்கும். ஆகவே அது அந்த நட்சத்திரத்துக்குள்ளேயே அண்மையில் உருவாகி மேற்பரப்புக்கு வந்திருக்க வேண்டும். நட்சத்திரங்கள் தனிமங்களை உருவாக்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் அதற்கு முன் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957இல், மார்கரெட் பர்பிட்ஜ், ஜெப்ரி பர்பிட்ஜ், வில்லியம் பவுலர், பிரெட் ஹாயில் நால்வரும் எழுதிய நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரை எல்லா வழிகளையும் ஒரே இடத்தில் வகைப்படுத்தியது. அதே ஆண்டில் அலஸ்டேர் கேமரூன் தனியாக அதே முடிவுகளை எட்டினார்.

மேலே வந்தது விண்வெளிக்குப் போவது எப்படி? வீங்கிய நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஈர்ப்பு பலவீனம். அது துடிக்கும்போது வாயு சற்று மேலே தூக்கி எறியப்பட்டு, சுமார் 1,500 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்து தூசியாக உறைகிறது. நட்சத்திர ஒளி தூசியைத் தள்ள, தூசி வாயுவையும் இழுத்துக்கொண்டு வினாடிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. எந்தத் தூசி என்பதைத் தீர்மானிப்பது ஒரு எளிய கணக்கு. கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகப் பூட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் மிஞ்சினால் சிலிக்கேட் மணல். கார்பன் மிஞ்சினால் சிலிக்கான் கார்பைடும் புகைக்கரியும். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லுக்குள் இத்தகைய சிலிக்கான் கார்பைடு மணிகள் உருகாமல் இருந்தன. அவற்றுள் சிலவற்றின் வயது 700 கோடி ஆண்டுகள்வரை போகிறது, சூரியக் குடும்பமோ 457 கோடி ஆண்டுதான். ராட்சத நட்சத்திரத்தில் உறைந்த மணியைக் கையில் வைத்து, அதன் பேரியம் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை வேறுபடும் வகைகளை) எண்ண முடிகிறது.

இனி பெரிய நட்சத்திரங்கள். சூரியனைப்போல் 25 மடங்கு நிறை கொண்ட ஒன்று ஹைட்ரஜனை எரிக்கச் சுமார் 70 லட்சம் ஆண்டுகள் எடுக்கும். ஹீலியத்துக்கு 7 அல்லது 8 லட்சம் ஆண்டுகள். 80 கோடி கெல்வினில் கார்பன் பற்றும். அது 500, 600 ஆண்டுகளில் முடியும். பிறகு நியான் ஏறக்குறைய ஓர் ஆண்டு, ஆக்சிஜன் சில மாதங்கள், 350 கோடி கெல்வினில் சிலிக்கான் ஒரே நாள்.

இப்படி ஓட்டம் பிடிப்பதற்குக் காரணம் எரிபொருள் குறைவது மட்டுமல்ல. கார்பன் கட்டத்திலிருந்து மையத்தின் ஆற்றல் ஒளியாக அல்லாமல் நியூட்ரினோ என்ற நுண்துகளாகவே பெரும்பாலும் கசிகிறது. ஒளி மையத்திலிருந்து மேலே வர நீண்ட காலம் ஆகும். நியூட்ரினோ எதிலும் தடைபடாமல் உடனே போய்விடும். ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதுபோல் நட்சத்திரம் மேலும் மேலும் வேகமாக எரித்தாக வேண்டும். சிலிக்கான் எரிதலில் இரண்டு சிலிக்கான் நேராக ஒட்டுவதில்லை. காமா கதிர்கள் சில சிலிக்கான்களை உடைக்க, உதிர்ந்த ஹீலியத்தை மற்றவை வாங்கி 28, 32, 36, 40 என்று நான்கு நான்காக 56 வரை ஏறுகின்றன. அங்கே பிணைப்பு உச்சத்துக்கு வந்துவிட்டதால் மேலே போக ஆற்றல் கிடைக்காது.

இரும்பு மையம் சுமார் 1.4 சூரிய நிறையைத் தொட்டதும் தாங்கும் வலிமை தீர்கிறது. இந்த எல்லையின் வேர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் கடற்பயணத்தில் போட்ட கணக்கு. 1983ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கும், மேலே சொன்ன பவுலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது மிகப் பொருத்தம். ஒருவர் நட்சத்திரம் எப்போது சரியும் என்பதைக் கண்டவர், மற்றவர் அது எதைச் சமைக்கும் என்பதை அளந்தவர்.

பூமி அளவு பெரிய மையம் ஒரு வினாடிக்குள் சில பத்துக் கிலோமீட்டராகச் சுருங்குகிறது. அந்த வெப்பத்தில் காமா கதிர்கள் இரும்பை ஹீலியமாகவும் புரோட்டான், நியூட்ரானாகவும் உடைத்துவிடுகின்றன. லட்சக்கணக்கான ஆண்டு உழைப்பு கணத்தில் பின்னோக்கிச் சுருட்டப்படுகிறது. உள்மையம் அணுக்கரு அடர்த்தியைத் தொட்டு எகிறும்போது அதிர்வலை ஒன்று வெளிநோக்கிக் கிளம்புகிறது. அதுவே வெடிப்பு என்றுதான் நீண்ட நாள் நினைத்தார்கள். கணினிக் கணக்குகளில் அது 100, 200 கிலோமீட்டர் தூரத்திலேயே நின்றுபோயிற்று. வழியில் இருக்கும் இரும்பை உடைக்கவே அதன் ஆற்றல் தீர்ந்துவிடும்: சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு இரும்பை உடைப்பதற்கு ஒரு முழு சூப்பர்நோவாவின் (நட்சத்திர வெடிப்பின்) ஆற்றலைவிட அதிகம் செலவாகும். நின்றுபோன அலைக்கு மீண்டும் உயிர் கொடுப்பது மையத்திலிருந்து பீறிடும் நியூட்ரினோக்களின் ஒரு சிறு பங்கு. அது போதாவிட்டால் வெடிப்பு தோற்கும். நட்சத்திரம் தான் சமைத்ததையெல்லாம் விழுங்கிக் கருந்துளையாகும்.

வெற்றி பெற்ற அலை சிலிக்கான், ஆக்சிஜன் அடுக்குகளைத் தாக்கி 500 கோடி கெல்வினுக்கு மேல் சூடாக்கும் இடத்தில்தான் நம் இரும்பு பிறக்கிறது. அந்த அடுக்குகளில் புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறைய சம எண்ணிக்கை. ஒரு வினாடிக்குள் அந்த விகிதத்தை மாற்ற நேரம் இல்லை. ஆகவே கிடைப்பது 28 புரோட்டானும் 28 நியூட்ரானும் கொண்ட நிக்கல்-56. அது 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகி, கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பு-56 ஆகிறது. மாறாக, உள்ளே நொறுங்கிய மையம் எலக்ட்ரான்களை விழுங்கி நியூட்ரான் மிகுந்துபோனது. அது வெளியே கொட்டியிருந்தால் நியூட்ரான் கூடிய ஐசோடோப்புகள் எங்கும் நிறைந்திருக்கும். பூமியில் எடுக்கும் எந்த இரும்பிலும் ஏறக்குறைய 92 சதவீதம் இரும்பு-56 என்பதே அது நம்மிடம் வரவில்லை என்பதற்குச் சாட்சி.

1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவாவில் இவை எல்லாவற்றையும் சரிபார்க்க முடிந்தது. ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பானின் காமியோகாண்டே உள்ளிட்ட மூன்று கருவிகளில் சுமார் 25 நியூட்ரினோக்கள் பதிவாயின. மையம் சரிந்ததற்கு அவை நேரடிச் செய்தி. பின்னர் மாதக்கணக்கில் அதன் ஒளி மங்கிய வேகம் கோபால்ட்-56இன் 77 நாள் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், பிறந்த நிக்கல் 0.07 சூரிய நிறை, அதாவது 23,000 பூமிகளின் எடை. கோபால்ட்டின் காமா கதிர்கள் எதிர்பார்த்ததற்குப் பல மாதம் முன்பே தெரிந்தன. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக வெளியேறும் என்று வரைந்த படம் தவறு, ஆழத்திலிருந்த நிக்கல் விரல்விரலாக மேலடுக்குகளைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது என்பது அதனால் தெரிந்தது.

சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி காசியோப்பியா ஏ என்ற வெடிப்பு எச்சத்தைத் தனிமவாரியாகப் படம் பிடித்திருக்கிறது. அங்கே சிதறிக் கிடப்பது இரும்பு 70,000 பூமி நிறை, சிலிக்கான் 20,000, கந்தகம் 10,000, ஆக்சிஜனோ பத்து லட்சம். பெரிய நட்சத்திர வெடிப்பின் முதன்மை விளைச்சல் ஆக்சிஜன்தான் என்பதற்கு இந்த எண்களே போதும்.

அப்படியென்றால் இரும்பு அதிகம் தருவது யார்? வெண்குள்ளன்கள். இணை நட்சத்திரத்திலிருந்து பொருளை வாங்கியோ, இன்னொரு வெண்குள்ளனோடு மோதியோ ஒரு வெண்குள்ளன் பற்றிக்கொண்டால், எச்சம் எதுவும் மிஞ்சாமல் மொத்தமாகச் சிதறும். ஒரு வெடிப்பில் சுமார் 0.6 சூரிய நிறை நிக்கல்-56, அதாவது 1987ஆம் ஆண்டு வெடிப்பைவிட எட்டு மடங்கு. சூரியனைச் சுற்றியுள்ள பகுதியின் இரும்பில் பாதிக்கு மேல் இந்த வழியில் வந்தது. மேலே பூட்டப்பட்டதாகச் சொன்ன கார்பனும் ஆக்சிஜனும் விடுதலையாகும் வழியும் இதுதான், ஆனால் இரும்பாக. வெண்குள்ளன் உருவாகிப் பற்றிக்கொள்ள நீண்ட காலம் பிடிப்பதால், பால்வீதியின் மிகப் பழைய நட்சத்திரங்களில் இரும்போடு ஒப்பிட்டால் மக்னீசியமும் ஆக்சிஜனும் தூக்கலாக இருக்கும். பின்னால் பிறந்தவற்றில் அந்த விகிதம் இறங்கும். வானியலாளர்கள் இதைக் கடிகாரமாகவே பயன்படுத்துகிறார்கள்.

தங்கம், பிளாட்டினம், யுரேனியம் வேறு கதை. இவற்றுக்கு மெது வழி போதாது. சிதைய நேரம் தராமல் ஒரு வினாடிக்குள் டஜன் கணக்கில் நியூட்ரான்களைத் திணிக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதன் ஈர்ப்பலை பதிவாயிற்று, 1.7 வினாடி கழித்துக் காமா கதிர் வந்தது. அடுத்த நாட்களில் அந்த ஒளி நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறிய விதம், ஒளியை மறிக்கும் லாந்தனைடுகள் என்ற கனத் தனிமங்கள் அங்கே உருவானதைக் காட்டியது. 2019இல் அதே நிறமாலையில் ஸ்ட்ரான்சியம் அடையாளம் காணப்பட்டது. ரெட்டிகுலம் 2 என்ற குட்டி விண்மீன் மண்டலத்தில் ஆராய்ந்த 9 நட்சத்திரங்களில் 7இல் இத்தகைய கனத் தனிமங்கள் மிகுந்திருப்பது, அபூர்வமான ஒரே ஒரு நிகழ்வு முழு மண்டலத்துக்கும் இவற்றை வழங்கிவிடும் என்பதைச் சொல்கிறது. எல்லா சூப்பர்நோவாவும் தங்கம் தரும் என்று இன்னும் எழுதுவது சரியல்ல. லித்தியத்தின் ஒரு பகுதி, பெரிலியம், போரான் ஆகியவை நட்சத்திரத்துக்குள் அழிபவை. காஸ்மிக் கதிர்கள் விண்வெளியில் கார்பனையும் ஆக்சிஜனையும் உடைப்பதால் கிடைப்பவை.

வெளியே வந்த பொருள் உடனே அடுத்த நட்சத்திரமாகிவிடாது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாயும் வாயு சுற்றியுள்ள மேகங்களில் மோதி வேகம் இழந்து, குளிர்ந்து கலக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இந்தப் போக்குவரத்தைப் பின்தொடர உதவுவது இரும்பு-60. அரை ஆயுள் 26 லட்சம் ஆண்டுகள். பூமி பிறந்தபோது இருந்தது இப்போது ஒரு அணுவும் மிஞ்சியிருக்க முடியாது. ஆனாலும் பசிபிக் கடலடியில் மிக மெதுவாக வளரும் மாங்கனீஸ் படிவுகளை அடுக்கடுக்காகச் சுரண்டி, மியூனிக்கின் துகள் முடுக்கியில் அணு அணுவாக எண்ணியபோது, 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிந்த அடுக்கில் அது இருந்தது. அருகில் வெடித்த நட்சத்திரத்தின் தூசி அப்போது பூமிமேல் விழுந்திருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வுக்காக அண்டார்க்டிகாவிலிருந்து 500 கிலோ பனியை உறைந்தபடியே மியூனிக்குக் கொண்டுபோய் உருக்கி வடிகட்டினார்கள். பெய்து 20 ஆண்டுகூட ஆகாத அந்தப் பனியிலும் இரும்பு-60 அணுக்கள் கிடைத்தன.